வயிற்றுத் தழும்பும் பேறுகாலமும்



அழகுக்காக வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண் மீண்டும் கருவுறலாமா என்னும் ஐயம் தோட்டப்புறத்திலும் எழுகின்றது. நம் பிள்ளைகள் பலர் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். அங்கே சிகிச்சை பெற்றவர் இங்கே பிள்ளைப்பேற்றுக்கு வருவதும் இயல்பே.

மறுமொழியை முதலிலேயே கூறிவிடுவோம். கருவுறலாம். அச்சிகிச்சையில் தொப்புளுக்குக் கீழே தளர்ந்து தொங்கும் தோலையும் கொழுப்பையும் நீக்கி, பிள்ளைப்பேற்றால் விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவே இழுத்துத் தைக்கின்றனர். கருப்பையில் கத்தி படுவதில்லை. மரம் சீவும் கைகளுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டையைச் சீவுவது வேறு. உளி கட்டையில் பாய்வது வேறு.

அவ்வாறு கருவுற்றோர் நிறைமாதம் சுமந்து நலமான மகவை ஈன்றுள்ளனர். இயல்பான பேறும் கூடும். ஆயின், தைத்த தசையும் தோலும் மீண்டும் தளரலாம். கொடுத்த பணம் வீணாகலாம். பிள்ளைகள் போதும் என்றான பின்னரே அதனைச் செய்துகொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்துவது இதனால்தான். முன்னரே செய்துகொண்டவர் ஓராண்டேனும் பொறுத்துக் கருவுறுவது நன்று.

மகப்பேற்றுக்காக வயிற்றைக் கீறிய தாய்மாரின் நிலை வேறு. அங்கே கருப்பையே கீறப்படுகின்றது. சிங்கப்பூரில் தேக்காவை அடுத்துள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை நம் முதியோர் அறிவர். எருமைக் கொட்டில் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள்! 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான அங்கே 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அங்குப் பணியாற்றிய மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸ், 1971 முதல் 1981 வரை சிங்கப்பூர் அதிபராக விளங்கியவர். கருப்பையின் மேற்பகுதியைக் கீறும் பழைய முறைக்கு மாற்றாகக் கீழ்ப்பகுதியைக் கீறும் முறையை அங்கே வேரூன்றச் செய்தவர் அவரே. பேறுவலியின்போது மேற்பகுதி வலுவாகச் சுருங்கும். அங்கிட்ட தையல் அடுத்த பேற்றில் பிரியும் அபாயம் மிகுதி. கீழ்ப்பகுதித் தையல் பெரும்பாலும் தாங்கும். எனினும், அடுத்த முறை இயல்பான பேற்றுக்கு முயலும் தாய்மாருள் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அதுவும் பிரிகின்றது. இரு பேறுகளுக்கும் இடையே 18 மாதங்களுக்குக் குறைந்தால் அபாயம் கூடும். ஆகவே, இவர்கள் அறுவைக் கூடமுள்ள மருத்துவமனையிலேயே பிள்ளை பெற வேண்டும்.

இடர் எங்குள்ளதெனில், இவ்விரு சிகிச்சைகளின் தழும்பும் அடிவயிற்றில் குறுக்கே கிடப்பதுதான். அழகுச் சிகிச்சையின்போது பழைய மகப்பேற்றுத் தழும்பையும் தோலோடு வெட்டி எடுத்துவிடுவதுண்டு. வெளியே அடையாளம் மறைந்துவிடும். கருப்பைத் தையலோ உள்ளே அப்படியே இருக்கும். எத்துணைத் தேர்ந்த தாதியும் பார்வையால் மட்டும் அதனைக் கண்டறிய இயலாது.

மாமியார் ஏசுவார், அண்டை வீட்டார் சிரிப்பர் என்று அஞ்சி மறைத்தல் வேண்டா. கருவுற்றதும் முதன்முறை மருத்துவ நிலையம் செல்லும்போதே, எந்தச் சிகிச்சை, எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை என்பனவற்றைத் தாதியிடம் கூறி, பேறுகாலப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். சிங்கப்பூரில் பெற்ற சிகிச்சைத் தாள்களின் நகலை அப்பதிவேட்டினுள்ளேயே வைத்திருங்கள். தழும்பிருக்கும் இடத்தில் விடாத வலியோ, குருதிப்போக்கோ, குழந்தையின் அசைவில் குறைவோ தோன்றினால், நள்ளிரவாயினும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். யாருடைய வண்டியில் செல்வது என்பதை ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.