நிழலால் உயரம் அளத்தல்

(வாலாஜாபாத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் வடிவ கணிதத்தின் ஒரு சிறு பகுதியாகும். ஏறாமலே ஒரு மரத்தின் உயரத்தையும், தொடாமலே ஒரு கோபுரத்தின் உயரத்தையும் அறிவது எங்ஙனம் என்பதே அது. நெசவுத் தொழிலார் கூட்டத்தில் இப்பேச்சு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். இதனால் உயிரும் பொருளும் காக்கப்படும் என்பதே எமது விடை.

வீட்டை ஒட்டி நிற்கும் பட்ட தென்னையை வெட்டுங்கால், "அவ்வளவு தூரம் எட்டாது" என்று கண்ணளவையால் துணிகின்றோம். கண்ணளவையோ பெரிதும் பிழைபடுவது. மரம் தறிவீட்டின்மேல் வீழின் ஓடு நொறுங்குவதோடு தறியும் பாவும் பாழாம். உள்ளிருப்பார் உயிருக்கும் ஏதம். அளக்கவென்று ஆளை ஏற்றுவதோ அதனினும் தீது. ஆதலின் தரையில் நின்றே அளக்கும் வழியை அறிதல் வேண்டும்.

இதன் அடிப்படை நமக்குப் புதியதன்று. கட்டத்தாளில் சிறிதாக எழுதிய மயிலைச் சேலையின் முந்தானையில் பெரிதாக்குகின்றோம். நீளம் எத்தனை மடங்கு பெருகுகின்றதோ, அகலமும் அத்தனை மடங்கு பெருகினாலன்றி மயில் மயிலாக இராது. முக்கோணத்திற்கும் இதுவே நியதி. கோணங்கள் ஒத்த இரு முக்கோணங்களில் ஒரு பக்கம் எத்தனை மடங்கோ, ஏனைப் பக்கங்களும் அத்தனை மடங்கேயாம். இவற்றையே நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்கள் எனப் பயில்கின்றனர்.

ஞாயிறு மிகத் தொலைவில் இருத்தலால் அதன் கதிர்கள் ஓரிடத்தில் நிற்கும் கோலின்மேலும் மரத்தின்மேலும் ஒரே சாய்வில் வீழ்கின்றன. ஆகவே கோலும் அதன் நிழலும் ஒரு சிறு முக்கோணத்தையும், மரமும் அதன் நிழலும் அதனை ஒத்த பெரு முக்கோணத்தையும் அமைக்கின்றன. 4 அடிக் கோலைச் சமதரையில், கொத்தனாரின் தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாக நாட்டுக. அதன் நிழல் 5 அடியாக இருக்கும் அதே வேளையில் தென்னையின் நிழல் 60 அடி எனக் கொள்வோம். 60ஐ 4ஆல் பெருக்கி 5ஆல் வகுப்பின் 48 வரும். மரத்தின் உயரம் 48 அடி. வீடு 45 அடித் தொலைவில் இருப்பின் மரம் எட்டும் என்பது தெளிவு. அப்பொழுது தலைப்பகுதியை முன்னர்க் கழித்துவிட்டே அடியை வெட்டல் வேண்டும். இரு நிழலையும் ஒரே வேளையில் அளத்தல் இன்றியமையாதது. கால் நாழிகை தாழ்ப்பினும் கணக்குப் பிழைக்கும்.

அற்றேல், கோபுரத்தையும் இவ்வாறே அளக்கலாமோ எனின், ஆண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. நிழலை உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து அளத்தல் வேண்டும். காஞ்சி ஏகாம்பரநாதர் திருக்கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509ஆம் ஆண்டில் எடுப்பித்த தெற்கு இராசகோபுரத்தை நோக்குக. அதன் உச்சிக்கு நேர்கீழ்ப் புள்ளி அகன்ற அடித்தளத்தின் உள்ளே கிடக்கின்றது. புறச்சுவரிலிருந்து அளப்பின் உயரம் குறைந்துவிடும். சாய்ந்து வளர்ந்த தென்னைக்கும் இவ்விடர் உண்டு.

இதற்கு எளிய வழி ஒன்று கூறுதும். காலையில் ஒரு வேளையில் கோபுர உச்சியின் நிழல் வீழும் இடத்தையும், கோல் நுனியின் நிழல் வீழும் இடத்தையும் ஒருங்கே குறித்துக்கொள்க. அரைமணி கழித்து இரண்டையும் மீண்டும் குறிக்க. கோல்நிழலின் நுனி 1 அடி பெயர்ந்திருக்க, கோபுர நிழலின் நுனி 40 அடி பெயர்ந்ததாயின், கோபுரம் கோலினும் 40 மடங்கு உயர்ந்தது. கோல் 4 அடியாயின் கோபுரம் 160 அடி. அடித்தளத்தை அணுகவே வேண்டுவதில்லை. நிழல் வீழும் தரை மட்டமாக இருத்தல் மட்டும் வேண்டும். உயர்ந்த பொருளின் நிழல்நுனி மங்கித் தோன்றுமாதலின் பலகால் அளந்து சராசரி காண்பது நன்று.

இத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டில் தொன்மையானது. 499ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டீயத்தில், இரண்டு சங்குகளின் நிழலைக் கொண்டு விளக்கின் உயரத்தையும் தொலைவையும் காணும் முறை உளது. சங்கு என்றது ஈண்டு நிழல் அளக்க நாட்டும் முளையை. பாஸ்கராசாரியர் 1150இல் இயற்றிய லீலாவதியிலும் நிழற்கணக்கு ஒரு தனிப் பகுதியாகும்.

பிற்காலத்தில் நிழலுக்கு மாறாகக் கோணத்தை அளந்து முக்கோணங் காணும் முறை பெருகிற்று. 1802இல் லாம்டன் துரை சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து பெரு நில அளவையைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அவர்தம் பெருங்கருவியை ஏற்றுங்கால், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிப் பழுதுற்றது. அவர் மனந்தளராது அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அவ்வளவையின் வழிவந்தோர் இமயத்தின் எவரெஸ்டுச் சிகரத்தை ஏறாமலே, தொலைவில் நின்று அளந்து, 29,002 அடி என 1856இல் அறிவித்தனர். 2020இல் நேபாளமும் சீனமும் கூடி அறிவித்த அளவு 8,848.86 மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 29,032 அடி. வேற்றுமை 30 அடியே!

அன்பர்களே, இக்கணக்கிற்கு வேண்டுவன ஒரு கோல், ஒரு நூல், சிறிது பொறுமை ஆகிய மூன்றே. பொருட்செலவு இல்லை. தேர்வு முடிந்தவுடன் கணக்கும் முடிந்தது எனக் கருதும் வழக்கம் நம்மிடை ஒழிதல் வேண்டும். வரும் விடுமுறை நாளில் ஆண்மக்களையும் பெண்மக்களையும் ஒருங்கே அழைத்துச் சென்று, தத்தம் வீட்டருகே நிற்கும் மரங்களை அளப்பித்து, அவ்வளவை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். வெட்டும் நாள் வரும்போது கண்ணளவையை நம்பாது அவ்வேட்டை எடுத்துப் பார்ப்போமாக. மரமோ வளர்வது, ஆதலின் ஆண்டுதோறும் அளத்தல் நலம்.