பரிசோதனைத் தாளின் எண்கள்

வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டுடன் பரிசோதனைச்சாலைக்குச் சென்று குருதி கொடுத்து வருவது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால், கைக்கு வரும் அறிக்கையில் எண்ணின் பக்கத்தே குறியொன்று இருந்தால் ஒருவர் நடுங்குகின்றார். குறியில்லையேல் மற்றொருவர் தாளைக் கசக்கி எறிகின்றார். இரண்டும் பொருத்தமன்று.

அறிக்கையின் ஓரத்தில் அச்சிடப்படும் இயல்பான எல்லை எவ்வாறு பிறந்தது? நோயற்றவர் பலரின் குருதியை அளந்து, மிகக் குறைந்த இரண்டரை வீதத்தையும் மிகக் கூடிய இரண்டரை வீதத்தையும் நீக்கி, நடுவில் நின்ற 95 வீதத்தாரின் அளவையே பெரும்பாலும் எல்லையாகக் கொண்டனர். ஆகவே, நலமுடைய இருபது பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பது இயற்கையே.

அவ்வாறாயின் எல்லைக்குள் நிற்போர் அனைவரும் நலமுடையோர்தாமா? கிரியற்றினின் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். தசைகள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டாக்கும் கழிவு அது. அதனை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். 1886ஆம் ஆண்டில் மாக்சு யாஃபே என்னும் செருமானிய அறிஞர், காரத்தின் முன்னிலையில் பிக்கிரிக் அமிலத்துடன் இப்பொருள் சேரும்பொழுது செம்மஞ்சள் நிறம் தோன்றுவதைக் கண்டார். அந்நிறத்தை அளந்தே இன்றும் பல பரிசோதனைச்சாலைகள் கணக்கிடுகின்றன.

வளர்ந்த ஆண்களுக்கு இதன் எல்லை, 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரை. ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் 0.7 இருந்தது, இவ்வாண்டு 1.3 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இரு தாள்களிலும் குறியில்லை. எனினும், அவருடைய தசைப்பருமன் மாறாதிருப்பின், சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்பதே அதன் பொருள். தசை திரண்ட இளைஞனுக்கு 1.3 தீங்கற்றதாகலாம், மெலிந்த மூதாட்டிக்கு 1.1 எச்சரிக்கையாகலாம். இதனாலேயே வயதையும், ஆண் பெண் என்பதையும் சேர்த்து வடிதிறனைக் கணிக்கின்றனர். அவ்வெண் மூன்று மாதங்களுக்கு மேலாக 60இற்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்வர்.

இந்நோய் தொடக்கத்தில் வலி காட்டுவதில்லை. நம் நாட்டின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து உழவர் பலரைப் பற்றிய சிறுநீரக நோயும் இவ்வாறு ஓசையின்றி வளர்ந்ததே. உடல் சொல்லாததை முன்கூட்டிச் சொல்ல வல்லவை இச்சிறு எண்களே.

ஆதலால், பழைய அறிக்கைகளை ஆண்டு வரிசையில் கோத்து வைத்திருங்கள். வைத்தியரிடம் செல்லும்பொழுது புதிய தாளை மட்டுமன்றி அக்கோவையையும் எடுத்துச் செல்லுங்கள். “முன்னையதைவிட இது மாறியிருக்கின்றதா?” என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வி ஒருவரின் சிறுநீரகத்தைக் காக்கக்கூடும்.