ஊசியை எண்ணிக் கோலத்தைத் தொடங்குவோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி மண்டூரில் ஆற்றப்பட்ட உரை)



தையலும் பின்னலும் பழக்கிவரும் எங்களிடம், வட்டப் பின்னல் இயந்திரத்தில் டிசைன் போடுவது பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவந்து தரும், கையால் சுற்றும் சிறிய பிளாஸ்டிக் இயந்திரத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். வட்டமாக ஊசிகள் நிற்கும். கைபிடியைச் சுற்றினால் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நூலைப் பிடித்துக் கண்ணி போடும். ஒரு முழுச் சுற்று ஒரு வரிசை. துணி குழாய்போல் கீழே இறங்கி வரும்.

இது நேற்று வந்த வித்தை அல்ல. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் பின்னல் பொறியை அமைத்தார். அது தட்டையான துணியையே தந்தது. வட்டமாகப் பின்னும் பொறிக்கு 1816இல் மார்க் புரூனல் காப்புரிமை பெற்றார். நம் பக்கத்தில் இத்தொழிலுக்குப் பேர்போன ஊர் திருப்பூர். அங்கே 1925இல் தொடங்கிய பனியன் தொழில் இன்று உலகச் சந்தைக்கு உடுப்பு அனுப்புகிறது. இலங்கையிலும் அவிசாவளையிலும் பியகமவிலும் பெரிய வட்டப் பின்னல் ஆலைகள் உண்டு. 30 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 24 ஊசி என்று அமைந்த ஆலை இயந்திரம் ஒன்றில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். நம் கையிலிருப்பதில் 22, 40 அல்லது 48.

ஆலை ஊசி செய்யக்கூடியவை மூன்றே. கண்ணி போடலாம்; பழைய கண்ணியை விடாமல் புது நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம்; நூலைத் தொடாமல் விட்டுவிடலாம். கொலர் வைத்த ரீசேட்டில் சிறு குழிகள் போலத் தெரிகிறதே, அது இரண்டாவது செய்கையால் வருவது. எந்த ஊசி எந்தச் சுற்றில் எதைச் செய்யவேண்டும் என்ற கணக்கைத்தான் டிசைன் என்கிறோம்.

நம் சிறிய இயந்திரத்தில் அந்தத் தெரிவைக் கையால் செய்யவேண்டும். சில சுற்றுக்கு ஒருமுறை நூலின் நிறத்தை மாற்றினால் குறுக்குக் கோடு. ஒரே சுற்றில் இரு நிறங்களைச் சில ஊசிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுத்தால் பூவும் கட்டமும். பின்னி முடித்தபின் குறித்த ஊசியிலுள்ள கண்ணியை மட்டும் அவிழவிட்டால் ஏணிபோல் ஒரு திறந்த கோடு.

தொடங்கமுன் ஊசியை எண்ணுங்கள். 6 கண்ணிப் பூவை 48 ஊசியில் போட்டால் சரியாக 8 பூக்கள். அதையே 40இல் போட்டால் 6 பூவும் 4 ஊசி மீதியும். பூ உடைந்து நிற்கும். 40க்கு 5, 8, 10 பொருந்தும். 22க்கு 2, 11 தவிர வேறில்லை. கணித பாடத்தில் காரணி படித்தபோது, இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ விடை. பன் பாய் இழைக்கும் அம்மம்மாமாருக்கு இது புதிதல்ல. சாயம் தோய்த்த பன்னை எண்ணி வைத்துக்கொண்டுதான் அவர்கள் இழைக்க உட்காருவார்கள்.

சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று வரையுங்கள். பின்னற் கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. ஆகவே படத்தைச் சற்று நீட்டி வரையவேண்டும். இல்லாவிட்டால் முருகன் கோயில் மயில் தாராவாகிவிடும். ஒரே நிறத்தை நாலைந்து ஊசிக்கு மேல் தொடரவிடாதீர்கள். விட்டால் மற்ற நூல் உட்புறத்தில் நீளமாகத் தொங்கி விரலில் மாட்டும். பின்னல் சுருளாகவே ஏறுவதால் நிறம் மாறும் இடத்தில் ஒரு படி விழும். அந்தப் பக்கத்தைத் தொப்பியின் பின்புறமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டூர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. போடப்போவது ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் உள்ள பேரப்பிள்ளைகள். இங்கே தேவையென்றால் பருத்தி நூலில் பிள்ளைத் தொப்பியும் சிறு பையும் செய்யலாம். பருத்தி இழுபடாது, கண்ணி தவறும். மெதுவாகச் சுற்றவேண்டும்.

இனி, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயம். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் மெசினைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. யுத்தத்துக்குப் பிறகு நம் மாவட்டத்திலும் தொழிற்சாலைகள் வந்தன. பல வீடுகளில் அடுப்பெரிவது நம் பிள்ளைகளின் அந்தச் சம்பளத்தில்தான். அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஆனால் அங்கே துணி வரும்போதே டிசைன் முடிந்திருக்கும். எங்கோ ஒருவர் தீர்மானித்த கோலத்தைத்தான் இவர்கள் தைக்கிறார்கள். சுற்றுகிற வேலைக்கு நாளை வேறொரு மெசின் வரலாம். கோலம் போடத் தெரிந்தவளிடம் என்ன செய்யவேண்டும் என்று அந்த மெசினும் கேட்டாகவேண்டும்.

நூற்றாண்டு நினைவாக இயந்திரங்கள் வாங்கித் தர முன்வந்துள்ளீர்கள். மிக்க நன்றி. அதோடு இன்னும் மூன்று உதவி கேட்கிறோம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வையுங்கள். டிசைன் வரையப் பழக்க மாதம் இரண்டு நாள் ஒதுக்குவோம். வெளிநாட்டிலுள்ள அக்காமார் பழைய உடுப்புப் பொதிக்குப் பதிலாக அங்குள்ளவர்களின் தலையளவு, விரும்பும் நிறம், குளிர் தொடங்கும் மாதம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். வாங்கும்போது உறவுக்காக விலை குறைக்கச் சொல்லாதீர்கள். தங்கச்சி வரைந்த கோலத்துக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.

வரைய நமக்கென்ன பஞ்சம்? வாவி மீன் இருக்கிறது, தாமரை இருக்கிறது, பாதையில் வாவி கடக்கையில் நீர்மேல் விழும் வெயில் கோடு இருக்கிறது. 48 ஊசிக்குள் அவற்றை அடக்கும் கணக்கை மட்டும் நாம் பழக்கிவிடுவோம்.