கிதாருக்கு ஏற்ற ஒலிபெருக்கி

கோல்கொண்டாக் கோட்டையைக் காணச் செல்பவர்களை வழிகாட்டிகள் முதலில் நிறுத்தும் இடம் நுழைவாயிலின் குவிந்த விதானத்தடிதான். அங்கே நின்று ஒருவர் கை தட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸார் மண்டபத்தில் நிற்பவருக்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கிறது. தட்டியவருடைய கை சாமானியமான கையே. சற்று விலகி நின்று தட்டினால் அதே கைக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகவே, ஓர் ஒலி நம் செவிக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்பது அதை எழுப்பும் கையை மட்டும் பொறுத்ததன்று என்பது புலனாகிறது.

சென்ற ஆண்டு சிகந்தராபாத்தில் எமது அண்டை வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வுண்மையை எமக்கு மறுபடியும் நினைவூட்டியது. அவ்வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கல்லூரியில் படிக்கும் அவருடைய இளைய மகன் ஐந்தாண்டுகளாகக் கிதார் பயின்று வருகிறான். அவனுக்காக ஒரு டிஜிட்டல் ஆம்ப்ளிபையரும், விற்பனையாளர் ஒருவரின் யோசனைப்படி பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு அடங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்றும் வாங்கப்பட்டன. இரண்டு மாத ஓய்வூதியம் அதில் கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தால், கம்பளியால் மூடிய பானைக்குள்ளிருந்து வருவதுபோல் நாதம் மங்கிக் கேட்டது. ஒரு மாதம் முயன்ற பின், "மாமா, பெட்டியில் குற்றமில்லை, என் விரலில்தான் குற்றம். நான் இதை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்று அந்தப் பையன் எம்மிடம் கூறினான். மொழிபெயர்ப்பு எமது தொழிலாதலால், ஆம்ப்ளிபையருடன் வந்த ஆங்கிலக் குறிப்பேட்டை அவனுடைய தந்தையார் எம்மிடம் கொண்டு வந்தார். அதைப் படித்துத் தெரிந்துகொண்டதையும், பின்னர் விசாரித்து அறிந்ததையும் நேயர்களுக்குச் சொல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வீணையின் நாதத்துக்குக் குடம் எப்படியோ, மின்சாரக் கிதாருக்கு ஒலிபெருக்கி அப்படி. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றுகிறது. ஆம்ப்ளிபையர் அதைப் பெருக்குகிறது. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு காற்றை அசைக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. ஆனால் கிதாருக்கென்றே செய்யப்படும் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி, சுமார் 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் நன்கு பேசும். அதற்கு மேற்பட்ட கூரிய ஒலிகளை அது பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இதைக் குறையென்று எண்ணலாகாது. ஆம்ப்ளிபையரை முறுக்கி வாசிக்கும்போது எழும் கரகரப்பில் செவிக்கு இனியதை வைத்துக்கொண்டு, இரைச்சலை நீக்கித் தருவது இக்கூம்பே. கலிபோர்னியாவில் லியோ பெண்டர் பின்புறம் திறந்த பெட்டிகளைச் செய்தார். லண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களில், செலஸ்டியன் நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் நான்கைப் பின்புறம் மூடிய ஒரே பெட்டியில் அடக்கினார். முன்னதன் நாதம் அறை முழுவதும் பரவும். பின்னதன் நாதம் நெஞ்சில் மோதும். மின்சாரக் கிதாரின் குரல் என்று உலகம் இன்று அறிந்திருப்பதில் இப்பெட்டிகளுக்குப் பெரும் பங்குண்டு.

டிஜிட்டல் ஆம்ப்ளிபையர் வேறு வழியில் செல்வது. பழைய வால்வு ஆம்ப்ளிபையர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கணிதமாக்கி, அக்கணக்கை ஒரு சிறு சில்லுக்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை போட்டு, நாதத்தை உருவாக்குகிறது. 1996-ஆம் ஆண்டில் லைன் சிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இத்தகைய ஆம்ப்ளிபையர் ஒன்றை வெளியிட்டது. அது முதல் இத்துறை வேகமாக வளர்ந்திருக்கிறது. இன்றைய கருவிகள் ஆம்ப்ளிபையரை மட்டுமன்றி, ஒலிபெருக்கிப் பெட்டியையும் அதன் முன் வைத்த மைக்கையும் சேர்த்தே பாவனை செய்கின்றன. மார்ஷல் பெட்டியோ பெண்டர் பெட்டியோ, வேண்டியதைப் பொத்தானால் தேர்ந்துகொள்ளலாம். பையனுடைய தொல்லைக்கு மூலகாரணம் இங்கேதான் இருந்தது.

ஒரு நூலைத் தமிழில் ஆக்கவேண்டுமானால் மூலத்திலிருந்து ஒரு முறை மொழிபெயர்த்தால் போதும். ஆங்கிலத்தில் உள்ளதை ஹிந்திக்கு ஒருவர் கொண்டுபோய், ஹிந்தியிலிருந்து தமிழுக்கு இன்னொருவர் கொண்டுவந்தால், வாக்கியங்கள் பிழையற்று இருக்கும்; உயிர் மட்டும் இராது. பையனுடைய வீட்டில் நடந்தது இதுவே. பெட்டிப் பாவனை முதலில் கூரிய ஒலிகளைக் கழித்தது. பிறகு உண்மையான பெட்டி அதே கழித்தலை மறுபடியும் செய்தது. இரு முறை வடிகட்டிய காப்பித் தூளில் மணம் எங்கிருந்து வரும்? குறிப்பேட்டின் நடுப்பகுதியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் கண்டு, பெட்டிப் பாவனையை நிறுத்தச் சொன்னோம். அவன் மீண்டும் ஒரு தந்தியை மீட்டினான். கம்பளி விலகியது. பையன் எம்மைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. எல்லா ஒலிகளையும் சமமாகத் தரும் முழுவீச்சு ஒலிபெருக்கியை வாங்கி, பெட்டிப் பாவனையை நிறுத்திவிட்டால், மொழிபெயர்ப்பே நடைபெறாத நிலை ஏற்படும். கரகரப்பு முழுவதும் அப்படியே வெளிவந்து, தகர டப்பாவில் அடைபட்ட குளவிபோல் ஒலிக்கும். ஆகவே சூத்திரம் எளியது: பெட்டியின் நிறம் ஒரே ஒரு முறை சேர வேண்டும். கிதார் ஒலிபெருக்கியானால் பாவனை வேண்டாம். முழுவீச்சு ஒலிபெருக்கியானால் பாவனை கட்டாயம் வேண்டும்.

இவ்விரண்டில் எதை வாங்குவது? ஒரே வகை நாதத்தை விரும்பி, அறைக்குள் பெட்டியின் முன் நின்று அதன் வீச்சை உடம்பில் உணர வேண்டுமென்பவர்களுக்குக் கிதார் ஒலிபெருக்கியே ஏற்றது. நான்கும் தேவையில்லை; வீட்டுக்கும் சிறு மேடைக்கும் ஒன்றே போதும். இன்று சினிமாப் பாட்டு, நாளை ராக ஆலாபனை என்று பலவும் வாசிப்பவர்களுக்கு முழுவீச்சு ஒலிபெருக்கியே நல்லது. பாலக்கொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ், மின்சார மாண்டலினை ஐந்து தனித் தந்திகளோடு அமைத்துக்கொண்டு கர்நாடக இசைக்கு அதை உரியதாக்கினார். நாதம் நின்று ஒலித்தால்தான் கமகம் துலங்கும் என்பதை அவருடைய வாசிப்பு காட்டிற்று. இத்தகைய இசைக்குக் கரகரப்பற்ற தூய நாதமே தேவை. பொதுக்கூட்டங்களில் கட்டும் கொம்பு ஒலிபெருக்கி இதற்கு உதவாது; அது பேச்சுக்கென்று அமைந்தது. கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லியில் ஒலிக்கருவிகள் வாங்கப் போகிறவர்கள், தம் கிதாரையும் ஆம்ப்ளிபையரையும் உடன் கொண்டு சென்று, வாசித்துக் கேட்ட பின்னரே பணத்தை எடுப்பது விவேகம்.

அடுத்து, பெட்டியின் பின்புறம் எழுதியுள்ள எண்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஓம் என்னும் மின்தடை அளவு. ஆம்ப்ளிபையரில் குறைந்தபட்சம் 4 ஓம் என்றிருந்தால் 8 ஓம் பெட்டியை இணைக்கலாம். சக்தி சற்றுக் குறையும், தீங்கு நேராது. 2 ஓம் பெட்டியை இணைத்தால் கருவி சூடேறிக் கெடக்கூடும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகும் என்பதையும் நினைவில் கொள்க. இரண்டாவது வாட். வாட்டைக் கண்டு மயங்குவோர் பலர். சக்தியை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு இரு மடங்காகத் தோன்றவோ ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி வேண்டும். மூன்றாவது எண்ணைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஒரு வாட் சக்தியில் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதே அது. 97 டெசிபல் ஒலிபெருக்கி 100 வாட்டில் செய்வதை, 100 டெசிபல் ஒலிபெருக்கி 50 வாட்டிலேயே செய்துவிடும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். மூலையில் தரையோடு வைத்தால் மந்திர ஒலிகள் பெருத்துக் குழம்பும். கூரிய ஒலிகள் கூம்பிலிருந்து நேராகவே செல்பவை. ஆதலால் தரையிலுள்ள பெட்டியின் தெளிவான நாதம் வாசிப்பவரின் முழங்காலுக்குக் கேட்கும், காதுக்குக் கேளாது. அவர் கூர்மையை மேலும் ஏற்றுவார். எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பெட்டியை ஒரு முக்காலியின் மீது வைத்தோ, பின்புறம் சாய்த்தோ காதை நோக்கச் செய்வது நலம். ரவீந்திர பாரதி போன்ற அரங்குகளில் மேடைப் பெட்டி வாசிப்பவருக்கு மட்டுமே; சபைக்கு வேண்டியது கம்பி வழியாக அரங்கின் ஒலிக்கலவைக் கருவிக்குச் செல்லும். அந்தக் கம்பியில் பெட்டிப் பாவனை இருக்க வேண்டும்; மேடையிலுள்ள கிதார் பெட்டிக்கு இருக்கக்கூடாது. இரண்டையும் தனித்தனியே அமைக்கும் வசதி உள்ளதா என்று வாங்கும்போதே கேட்டறிக.

மண்ணிணைப்பை மறந்துவிடலாகாது. இரைச்சல் வருகிறதென்று மூன்று முனைச் செருகியின் மண் முனையை நீக்குவோர் உண்டு. உலோகத் தந்தியின் மேல் விரலை வைத்திருப்பவருக்கு இது உயிர்ப்பகை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி 120 வோல்ட்டுக்கு உரியதா, நமது 230 வோல்ட்டை ஏற்குமா என்று பார்த்த பிறகே செருக வேண்டும்.

இறுதியாக அளவு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்கு ஊறு. 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரையறுத்துள்ளன. அடுக்குமாடி வீட்டில் நான்கு ஒலிபெருக்கிகளுக்கு வேலையே இல்லை என்பது இதனால் விளங்கும்.

எமது அண்டை வீட்டார் அப்பெரிய பெட்டியை ஒரு வாத்தியக் குழுவினருக்கு விற்றுவிட்டு, சிறிய முழுவீச்சு ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினர். சரஸ்வதி பூஜையன்று பையன் மோகனம் வாசித்தான். ஓரிடத்தில் காந்தாரம் சற்று இறங்கிவிட்டது. அது மெய்யாகவே விரலின் பிழைதான். அவன் சிரித்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் வாசித்தான். தன் பிழையையும் பெட்டியின் பிழையையும் பிரித்தறிய முடிந்தால் மாணவன் முன்னேறுவான். அதற்கு உதவும் ஒலிபெருக்கியே அவனுக்கு ஏற்ற ஒலிபெருக்கி.