பைன்மரச் சோலையில் ஓர் இசைவிழா



மறைந்த இசைக்கலைஞர் ஒருவரின் நினைவைப் போற்றச் சிலை எடுப்பது உலக வழக்கம். பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஜுவான் லே பான் என்னும் சிற்றூரிலும் ஒரு கலைஞருக்கு மார்பளவுச் சிலை உண்டு. ஆயினும் அவ்வூர் சிலையோடு அமையவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, 1960 யூலையில், அவர் நினைவாக ஓர் இசைவிழாவைத் தொடங்கியது. ஐரோப்பாவின் பழைமை வாய்ந்த ஜாஸ் இசைவிழாக்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகின்றது.

ஜுவான் லே பான், ஆந்தீப் நகரத்தோடு இணைந்த ஊர். 1920களில் பிராங் ஜே கூல்ட் என்ற அமெரிக்கச் செல்வர் இதனை உல்லாசபுரியாக வளர்த்தார். கடற்கரையை ஒட்டிய பைன்மரச் சோலை அவர் பெயராலேயே வழங்குகின்றது. விழா நடைபெறும் இடம் அச்சோலையே. அங்கே மேடையின் பின்சுவராக நிற்பது கடல். கூரையாக விரிவது வானம். பாட்டு நின்ற இடைவெளியில் மரத்துச் சில்வண்டுகளின் ஓசை கேட்கும். கோடை விடுமுறையைக் களிப்பாகக் கழிக்க வருவோர் கூடும் இந்த இடத்திலே, களியாட்டத்துக்கு அப்பாற்பட்ட சில செய்திகள் இசையாக ஒலித்தன என்பதே இவ்விழாவின் சிறப்பு.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த இசை. எழுதி வைத்ததை எழுதியவாறே வாசிப்பது அதன் இயல்பன்று. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த வேளையில் உள்ளத்தில் எழும் கற்பனைக்கு ஏற்ப அதனை விரித்துச் செல்வதே அதன் உயிர். நமது இசையரங்கிலே மனோதர்மம் என்று சொல்லப்படுவதை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

விழாவுக்குக் காரணரான சிட்னி பெஷே, 1897 மே 14 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். கிளாரினெட், சொப்ரானோ சாக்சபோன் என்னும் குழற்கருவிகளில் வல்லவர். 1919 இல் அவர் ஐரோப்பா வந்தபோது, ஏர்னெஸ்ட் ஆன்செர்மே என்ற சுவிற்சர்லாந்து நாட்டு இசை நெறியாளர் அவரது வாசிப்பைக் கேட்டு வியந்து எழுதினார். எனினும் பெஷேயின் வாழ்வு நேராகச் சென்றதன்று. 1928 இல் பாரிசு வீதியொன்றில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டைக்காகச் சிறை சென்றார். பின்பு பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்டார். 1930களின் தொடக்கத்தில், பிழைப்பின் பொருட்டு நியூயோர்க் நகரில் நண்பர் ஒருவரோடு தையற்கடை வைத்திருந்த காலமும் உண்டு. அத்தகையவர் 1949 இல் பாரிசு இசைவிழாவுக்கு அழைக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றார். பின்னர் அந்நாட்டிலேயே குடியேறினார். ஒரு காலத்தில் தம்மை வெளியேற்றிய நாட்டிலே, 1951 ஆகஸ்டில், ஆந்தீப் நகரில் அவருக்குத் திருமணம் நடந்தது. ஊரே திரண்டு மணமக்களை வாத்திய முழக்கத்துடன் ஊர்வலமாக அழைத்துச் சென்றது. 1959 இல், தாம் பிறந்த அதே மே 14 ஆம் நாளில், தமது 62 ஆவது பிறந்தநாளன்று அவர் காலமானார்.

முதலாண்டு விழாவில் வாசித்தவர்களுள் சார்ள்ஸ் மிங்கஸ் ஒருவர். ஆளுயரம் நிற்கும் டபிள் பேஸ் என்னும் நரம்புக் கருவியை வாசித்தவர். தமது குழுவுக்கு வேண்டிய உருப்படிகளைத் தாமே இயற்றியவர். 1960 யூலை 13 இல் அவர் வாசித்தவற்றுள் ஒன்றின் பெயர், ‘சாத்துவீக எதிர்ப்புக்கான பிரார்த்தனை’ என்று பொருள்படும். அவ்வாண்டு பெப்ரவரியில் அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், வெள்ளையர்க்கு மட்டும் உணவு பரிமாறிய இடத்தில் கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்து, எழ மறுத்திருந்தனர். காந்தியடிகளின் அறப்போர் முறை கடல் கடந்து சென்று அம்மக்களின் கையில் கருவியாகியிருந்த காலம் அது. விடுமுறைக் கூட்டத்தின் முன்னே மிங்கஸ் வைத்தது இந்தப் பிரார்த்தனையை. அன்று அவரோடு வாசித்தவர்களுள் எரிக் டொல்பி முதன்மையானவர். மன நோயால் பெரிதும் துன்புற்று, பாரிசில் வாழ்ந்து வந்த பியானோ மேதை பட் பவல் ஓர் உருப்படியில் விருந்தினராகச் சேர்ந்துகொண்டார். அந்த இரவின் ஒலிப்பதிவு 1976 இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது.

1961 இல் வந்தவர் ரே சார்ள்ஸ். சிறுவயதிலேயே பார்வை இழந்த இப்பாடகர் ஐரோப்பிய மேடையில் தோன்றியது அதுவே முதன்முறை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே, ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டா நகரில், கறுப்பினத்தவரை வேறாகப் பிரித்துவைத்து நடத்தவிருந்த நடன நிகழ்ச்சியில் பாட அவர் மறுத்திருந்தார். ஒப்பந்தத்தை மீறினார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, பின்பு தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. பிறந்த மண்ணில் வழக்கை எதிர்நோக்கியிருந்த கலைஞரை இந்தக் கடற்கரை ஊர் கொண்டாடி வரவேற்றது.

ஆயினும் பிரான்சு நீதியின் இருப்பிடம் என்று இதனால் முடிவு கட்டிவிடல் ஆகாது. அதே 1961 ஒக்டோபரில், பாரிசில் ஊர்வலம் சென்ற அல்ஜீரிய மக்கள்மீது பொலிசார் கொடிய அடக்குமுறையை ஏவினர், பலர் உயிரிழந்தனர். கைதானோருள் ஒரு பகுதியினர் அடைத்துவைக்கப்பட்ட விளையாட்டு மாளிகையிலேயே ரே சார்ள்ஸ் பாடுவதாக ஏற்பாடாகியிருந்தது. கச்சேரிக்காக அவர்களை வேறிடத்துக்கு மாற்றி, மண்டபத்தைத் துப்புரவு செய்தனர். அயல்நாட்டுக் கறுப்பினக் கலைஞரைப் போற்றிய தேசம், தன் ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்களை நடத்திய முறை வேறாக இருந்தது. கலையை மதிப்பது நன்று. ஆனால் மனிதரை மதிப்பதற்கு அது ஈடாகாது.

1963 இல் மைல்ஸ் டேவிஸ் தம் ட்ரம்பெட் கருவியோடும் புதிய குழுவோடும் வந்தார். அக்குழுவில் முரசு வாசித்த டோனி வில்லியம்ஸ் என்பவருக்கு அப்போது வயது 17. தலைவர் வாசிப்பதற்குப் பின்னணியாக நில்லாமல், அவரையே முன்னோக்கித் தள்ளிச்செல்லும் வேகம் அவ்விளைஞரின் கையிலே இருந்தது. இளையவருக்கு இடங்கொடுத்து, அவரால் தாமும் புதுமை பெறுவது பெரியோர்க்கு அழகு என்பதை அந்த இசைத்தட்டைக் கேட்போர் உணர்வர்.

அடுத்த ஆண்டு எலா பிட்ஸ்ஜெரால்ட் அம்மையார் பாடினார். அவர் பாடும்போது சோலையின் சில்வண்டுகளும் விடாது ஒலித்தன. வேறொருவராயின் முகஞ்சுளித்திருப்பார். அம்மையாரோ அவ்வண்டுகளைப் பற்றியே அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிப் பாடிவிட்டார். இடையூறாக வந்ததைத் துணையாக்கிக்கொள்ளும் இந்த ஆற்றலே ஜாஸ் இசையின் உட்பொருள் என்னலாம். அந்த 1964 யூலை மாதத் தொடக்கத்திலேதான் அமெரிக்காவில், பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது.

விழாவின் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இரவு 1965 யூலை 26 ஆகும். அன்று மேடையேறியவர் சாக்சபோன் மேதை ஜோன் கோல்ட்ரேன். இறைவனுக்கு நன்றிக் காணிக்கையாக, ‘மேலான அன்பு’ என்று பொருள்படும் பெயரில், நான்கு பகுதிகள் கொண்ட ஓர் இசைப்படைப்பை அவர் முந்திய ஆண்டு திசம்பரில் ஒலிப்பதிவு செய்திருந்தார். இறுதிப் பகுதியிலே, தாம் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை வாயாற் சொல்லாது, சொல்லுக்குச் சொல் குழலாலேயே ஓதினார். இசைத்தட்டில் ஏறத்தாழ 33 நிமிடமாக இருந்த அப்படைப்பு, பைன்மரச் சோலையில் ஏறத்தாழ 48 நிமிடமாக விரிந்தது. மறுநாள் இரவு அவர் வேறு உருப்படிகளையே வாசித்தார். பொதுமேடையில் அவர் அதனை முழுமையாக வாசித்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. 1965 ஒக்டோபரில் சியாற்றில் நகரில் வாசித்தது 2021 இல் இசைத்தட்டாக வெளியாகும்வரை, முழுப்படைப்பையும் பொதுமேடையில் வாசித்ததற்குக் கிடைத்திருந்த பதிவு ஜுவான் லே பான் பதிவு ஒன்றே. கோல்ட்ரேன் 1967 யூலையில், தமது 40 ஆவது வயதில் மறைந்தார். பிரான்சிய ஒலிபரப்பாளர் தம் கருவிகளோடு அன்று அங்கே இல்லாதிருந்தால், அந்தப் பிரார்த்தனை கேட்டவர் நினைவோடு கரைந்து போயிருக்கும்.

1966 இல் டியூக் எலிங்டன் தம் பெரும் வாத்தியக் குழுவோடு வந்தார். எலா அம்மையாரும் மீண்டும் வந்தார். அதன் பின்னரும் ஆண்டுக்காண்டு கலைஞர் வருகை தொடர்ந்தது. 2002 யூலையில் கீத் ஜரட் என்னும் பியானோ கலைஞரின் மூவர் குழு வந்தபோது மழை பெய்து, கச்சேரி நடக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ஈரம் உலராத அந்த மாலையில் அவர்கள் வாசித்ததும் பின்னர் இசைத்தட்டாயிற்று. திறந்த வெளியில் நடக்கும் விழாவுக்கு மழையும் காற்றும் கட்டணமின்றி வரும் விருந்தினர். 2020 இல் கொள்ளைநோய் காரணமாக விழா நடைபெறவில்லை. பின்பு மீண்டும் தொடங்கியது.

விழாவில் வாசித்த கலைஞர் பலருடைய கையடையாளங்கள் சுட்ட மண் ஓடுகளில் பதிக்கப்பட்டு, சோலையருகே நடைபாதையிலே வைக்கப்பட்டுள்ளன. கடலுக்குச் செல்லும் சிறுவர் தம் சிறு கைகளை அவற்றின்மேல் வைத்து அளந்து பார்க்கலாம். தொடக்க ஆண்டுகளில் வந்தவர்களுட் பலர் இன்று இல்லை. தம் நாட்டிலே பின்வாசல் வழியாக உள்ளே வரும்படி பணிக்கப்பட்ட ஒரு தலைமுறையினர் அவர்கள். அவர்களுக்கு இந்தச் சிற்றூர் கொடுத்தது ஒரு மேடையும், செவிகொடுத்துக் கேட்கும் கூட்டமும். பதிலாக அவர்கள் விட்டுச்சென்ற அந்த இரவுகளை இன்றும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கின்றது.