ஒரு திருத்தத்துக்கு ஒரு கிளை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியம் படித்தவள் மென்பொருள் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணித ரீச்சர் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

அமெரிக்காவில் நான் ஓய்வு நாட்களில் போகும் இலவச சிகிச்சை நிலையத்தில், குழந்தையின் எடைக்கேற்ப மருந்தளவு கணிக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்று இருந்தது. அங்கே தாய்மார் எடையை இறாத்தலில்தான் சொல்வார்கள். இறாத்தல் என்று தெரிவுசெய்து பதிந்தாலும் அது கிலோகிராமாகவே கணக்கிட்டது. 1 கிலோகிராம் ஏறத்தாழ 2.2 இறாத்தல். அப்படியானால் மருந்து இரு மடங்குக்கும் மேல்! நல்லகாலம், தாதி கண்டுபிடித்துவிட்டார்.

மூலநிரல் திறந்திருந்ததால் அன்றிரவே நான் திருத்தினேன். அதோடு நின்றிருக்கலாம். இரண்டு எழுத்துப்பிழைகளையும் திரையின் நிறத்தையும் மாற்றி, எல்லாவற்றையும் என் பிரதியின் பிரதான கிளையிலேயே சேர்த்து ஒன்றாக அனுப்பினேன். பராமரிப்பவர்களுக்கு நிறம் பிடிக்கவில்லை. அந்த வாதம் முடியும்வரை மூன்று வாரம் மருந்தளவுத் திருத்தமும் காத்திருந்தது. அதுவரை நாங்கள் கையால் கணக்குப் போட்டோம்.

வாட்டிலே நோயாளியின் ரிக்கற்றில் பிழையை அழிக்கமாட்டோம். ஒரு கோடு கீறி, திகதியிட்டு ஒப்பமிடுவோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் அதைத்தான் கணினியில் செய்கிறது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும்.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. மூலக் களஞ்சியத்தில் எழுத எனக்கு உரிமை இல்லை. அதனால் கிட்ஹப்பில் எனக்கென ஒரு பிரதி எடுக்கிறேன். அதன் பிரதான கிளையைத் தொடுவதேயில்லை, மூலத்தோடு ஒத்துப்போக மட்டும் விடுகிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுக் கிளை. அதிலிருந்து தனித்தனி இணைப்புக் கோரிக்கை. ஒன்றை மறுத்தாலும் மற்றது நிற்காது. ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. லினக்ஸ் கருநிரலுக்கு இன்றும் திருத்தத்தை மின்னஞ்சலில்தான் அனுப்பவேண்டும். ஆகவே பங்களிப்பு வழிகாட்டியை முதலில் வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை!

எடைத் திருத்தத்தை மட்டும் தனிக் கிளையில் மறுபடி அனுப்பினேன். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். திரையின் நிறம் இன்னும் பழையதுதான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் நாட்டுத் தொண்டர்கள் எழுதிய சஹானாவும் திறந்த மூல மென்பொருள்தான். பார்க்க விரும்பும் தங்கைமார் தேநீர் இடைவேளையில் வாருங்கள். மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறேன்.