வாரத்துக்கு ஒண்ணு, தினமும் இல்ல!
மூட்டுவாதத்துக்கு எழுதித் தர்ற மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். ஆனா சுகர், பிரஷர் மாத்திரை தினமும்தானே? அந்தப் பழக்கத்துல இதையும் தினமும் போட்டுடுறாங்க. சில நேரம் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே தப்பா டைப் ஆகிடுது. கூடவே தர்ற ஃபோலிக் ஆசிட்டோட மாறியும் போகுது.

முதல்ல வாய்ப்புண் வரும். உடம்புச் சூடுன்னு நினைச்சு மோர் குடிப்போம்! உள்ளே எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி குறைஞ்சுகிட்டே இருக்கும். உயிரே போயிருக்கு.

‘வாரம் ஒருமுறை’ போதாது; ‘ஞாயிற்றுக்கிழமை’ன்னு கிழமையையே சீட்டுல எழுதச் சொல்லுங்க. அம்மாவோட மாத்திரை டப்பாவை இன்னைக்கே பாருங்க. தினமும் சாப்பிட்டிருந்தா, நல்லாத்தானே இருக்காங்கன்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. லியூகோவோரின்னு மாற்று மருந்து இருக்கு, சீக்கிரம் கொடுத்தாதான் பலன்.